கையை விட்டுப் போகாத வாடை: எந்த வாடைக்கு எதைத் தேய்ப்பது

மீன் வெட்டிக் குழம்பு கூட்டி வைத்துவிட்டு, கையை மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவியிருப்போம். துணி மாற்றி, தலை வாரி, லிட்டில் இந்தியாவில் எம்ஆர்டி ரயில் ஏறி, மேலே தொங்கும் பிடியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் முகத்துக்கு நேரே அந்தக் கவிச்சி வரும். பக்கத்தில் நிற்பவர் கவனித்தாரோ இல்லையோ, இறங்கும்வரை நமக்கு மனசு அந்தக் கையிலேயே கிடக்கும்.

நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு கேட்டரிங் சமையற்கூடத்தில் 11 வருடம் வேலை செய்தேன். காலையில் கிலோ கணக்கில் பூண்டு உரிப்பு, பத்து மணிக்கு மீன், மதியம் பாத்திரம், கடைசியில் ப்ளீச் ஊற்றித் தரை கழுவுவது. ஒரே நாளில் ஒரே கையில் நான்கு வாடை. அந்தக் கையோடு வீட்டுக்குப் போய் மகளுக்குச் சோறு ஊட்டத் தயங்கிய நாட்கள் நிறைய. அப்போது ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

நம் பேச்சிலேயே வாடைக்குத் தனித்தனிப் பெயர் இருக்கிறது. மீனுக்கும் முட்டைக்கும் கவிச்சி. ஆட்டுக்கறிக்கு மொச்சை. மிளகாய்க்கும் பூண்டுக்கும் ப்ளீச்சுக்கும் நெடி. பழைய எண்ணெய்க்குச் சிக்கு. நம் ஆட்கள் மூக்கை வைத்துப் பிரித்த இந்தப் பிரிவு பெரும்பாலும் வேதியியல் பிரிவோடு ஒத்துப்போகிறது. கவிச்சிக்குப் புளிப்பு வேண்டும், பூண்டு நெடிக்கு எண்ணெய் வேண்டும், ப்ளீச் நெடிக்குப் புளிப்பைக் காட்டவே கூடாது. எல்லாவற்றுக்கும் சோப்பையே போட்டுத் தேய்ப்பதால்தான் தோல் வறண்டு போகிறது, வாடை அங்கேயே இருக்கிறது.

முதலில் வாடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

சமையலறையில் நின்றுகொண்டு கையை முகர்ந்து பார்த்துப் பயனில்லை. ஒரே வாடைக்குள் சில நிமிடம் இருந்தாலே மூக்கு பழகிவிடும். பிறகு அது இருப்பதே தெரியாது. வீட்டு வாசலுக்கு, தாழ்வாரக் காற்றுக்கு வந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். அப்புறம் கையைப் பகுதி பகுதியாக முகருங்கள்: விரல் நுனி, நகக்கண், மோதிரத்துக்குக் கீழே, உள்ளங்கை, மணிக்கட்டு.

நகக்கண்ணில் மட்டும் இருந்தால் கை முழுதும் தேய்க்க வேண்டாம். பழைய பல் துலக்கியில் கீழே சொல்லும் பொருளைத் தொட்டு, நகத்துக்கு அடியிலும் ஓரத் தோலிலும் மெதுவாகத் தேய்த்தால் போதும். மோதிரத்தடியில் இருந்தால் கழற்றி, விரலைத் தனியாகவும் மோதிரத்தைத் தனியாகவும் கழுவுங்கள்.

மணிக்கட்டில் இருந்தால், நம்மில் பலருக்குக் காரணம் கையில் கட்டிய சாமிக் கயிறுதான். எனக்கு இது புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கை சுத்தமாக இருக்கும், ஆனால் சாயங்காலம் தலையணையில் கை வைத்துப் படுத்தால் மீன் வாடை வரும். கோயிலில் கட்டிய பருத்திக் கயிறு மீன் கழுவிய தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. அவிழ்க்க மனம் வராவிட்டால், சின்னக் கிண்ணத்தில் புளித்தண்ணீர் எடுத்து மணிக்கட்டோடு ஐந்து நிமிடம் நனைத்து, நன்றாக அலசிவிட்டுத் துணியால் அழுத்தி ஈரம் எடுங்கள். மீன் வேலைக்கு முன்பு கயிற்றை மேலே முழங்கைப் பக்கம் ஏற்றிவிடுவது இன்னும் நல்லது. கைக்கடிகாரத்தின் தோல் வாரும் இப்படித்தான்.

கழுவியதும் சரியாக இருந்து, அரை மணி கழித்துத் திரும்ப வருகிறதா? நீங்கள் எதையோ மறுபடி தொடுகிறீர்கள். மீன் கையோடு திருகிய குழாய், நடுவில் எடுத்துப் பேசிய கைப்பேசி, மார்க்கெட் பையின் பிடி. இந்த மூன்றையும் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

சோப்பு போட்டதும் கவிச்சி இன்னும் தூக்கலாக வருகிறது

இது மீன், இறால், நண்டு, கணவாய் வெட்டியவர்களின் புகார். பிரமை இல்லை, உண்மையாகவே கூடும்.

கடல் மீனின் சதையில் டிரைமெத்தில்அமைன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. அதற்குத் தனி வாடை கிடையாது. மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் அதை உடைத்து டிரைமெத்தில்அமைன் ஆக்குகின்றன. நாம் கவிச்சி என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இது காரத்தன்மை கொண்டது (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரான வேதியியல் காரம்). காரத்தோடு புளிப்பு சேர்ந்தால் இரண்டும் கூடி உப்பாகிவிடும். அந்த உப்பு காற்றில் எழும்பாது, தண்ணீரில் கரைந்து போகும். கட்டிச் சோப்போ தானே காரம். அதன் பிஎச் அளவு 9, 10 இருக்கும். நம் தோலுடையது 5 பக்கம். காரத்தின் மேல் காரத்தைப் போட்டால் ஒட்டியிருந்த அமைன் விடுபட்டு நேரே மூக்குக்கு வருகிறது.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே எங்கள் மாஸ்டர் கைகாட்டிவிட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வஞ்சிரம் வெட்டிவிட்டு மூன்றாவது முறை சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் குழம்புக்குக் கரைத்து வடிகட்டிய புளியின் சக்கையைக் குப்பையில் போடப்போனவர், நின்று, அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

“சோப்பை வைம்மா. இதைத் தேய்.”

“கை புளியாகிடுமே மாஸ்டர்.”

“புளிக்குழம்புல போட்டாத்தானே மீன் வாடை அடங்குது? கைக்கும் அதுதான்.”

புளிச் சக்கை கொஞ்சம் நார்நாராக இருக்கும். விரலிடுக்கில் உருட்டித் தேய்க்கும்போது பழுப்பாகக் கசிந்து, நகக்கண்ணுக்குள் தானே இறங்கும். அரை நிமிடத்தில் விரலில் பிசுபிசுப்பு விட்டது தெரியும். இவ்வளவு வருடத்தில் மீனுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்க்கவில்லை. மீன் குழம்பு வைக்கும் அன்றைக்குச் சக்கை எப்படியும் மிஞ்சும். அதை ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்.

செய்கிற வரிசை முக்கியம். முதலில் குளிர்ந்த தண்ணீரில் கையை அலசி, செதிலும் சளியும் போகவிடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், மீனின் புரதம் வெந்து தோலில் ஒட்டிக்கொள்ளும், முட்டைக்கும் இதே கதைதான். அப்புறம் புளிச் சக்கையை ஒரு நிமிடம் தேயுங்கள். அப்புறம் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். இந்த அலசலில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். புளி இருக்கும்போதே மேலே சோப்பைப் போட்டால், உப்பாகி அடங்கியிருந்த அமைனைச் சோப்பின் காரம் மறுபடி எழுப்பிவிடும். புளிப்பு முழுக்க ஓடிய பிறகுதான் சோப்பு. அந்த இடத்திலும் கட்டிச் சோப்பைவிடப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு நல்லது, அது பெரும்பாலும் காரம் குறைந்தது.

புளி இல்லாவிட்டால் எலுமிச்சை, வினிகர், அல்லது கோப்பிக்கடையில் மீ கோரெங் தட்டில் ஓரமாக வைத்துத் தருகிறார்களே, லிமாவ் கஸ்தூரி என்ற அந்தச் சின்ன எலுமிச்சை. எல்லாமே வேலை செய்யும். ஆனால் எலுமிச்சை வகைக்கு ஓர் எச்சரிக்கை உண்டு, தயவுசெய்து கவனியுங்கள். அதன் சாறும் தோல் எண்ணெயும் கையில் இருக்கும்போது வெயில் பட்டால் சிலருக்குத் தோல் வெந்து கொப்புளமாகும், கருந்திட்டு விழுந்து வாரக்கணக்கில் நிற்கும். சிங்கப்பூர் வெயில் பூமத்தியரேகைக்குப் பக்கத்து வெயில். எலுமிச்சை தேய்த்தால் மணிக்கட்டுவரை சோப்பு போட்டுக் கழுவிய பிறகே வெளியே போங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தாலும் புளிப்பு வேண்டாம், எரிந்துவிடும்.

சுறாப்புட்டு செய்கிறவர்களுக்கு வேலை இரட்டிப்பு. சுறாவில் டிரைமெத்தில்அமைன் ஆக்சைடு மற்ற மீன்களைவிட அதிகம், யூரியாவும் உண்டு. அது அம்மோனியாவாக உடையும். புளியை இரண்டு முறை தேய்க்க வேண்டியிருக்கும். கெளுத்தி, திலாப்பியா போன்ற நன்னீர் மீனில் கவிச்சி குறைவு, மண் வாடைதான் தூக்கல். அந்த மண் வாடைக்குக் காரணமான ஜியோஸ்மினும் புளிப்பில் உடையும். ஆக, வைத்தியம் ஒன்றே.

கருவாடு, பிலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) இரண்டும் தனி ரகம். அவற்றில் அமைனோடு எண்ணெயும் ஊறிக் கிடக்கிறது. பிலாச்சானை வறுத்துக் கையால் உதிர்த்திருந்தால் புளி மட்டும் போதாது. முதலில் புளி, நன்றாக அலசல், ஈரம் துடைத்துவிட்டு அடுத்த பகுதியில் சொல்லும் எண்ணெய் முறை. இரண்டும் சேர்ந்தால்தான் போகும். முடிந்தால் பிலாச்சானைக் கரண்டியால் நசுக்குங்கள், கையே பட வேண்டாம்.

பூண்டு உரித்து ஒரு நாள் ஆகியும் விரலில் நெடி இருக்கிறது

முழுப் பூண்டுக்குப் பெரிய நெடி கிடையாது, முகர்ந்து பாருங்கள். பல்லை நறுக்கினால், நசுக்கினால்தான் உள்ளே தனித்தனி அறையில் இருந்த ஒரு நொதியும் அல்லீன் என்ற பொருளும் சந்தித்து அலிசின் உண்டாகிறது. அது மேலும் உடைந்து பல கந்தகச் சேர்மங்களாகிறது. இவை எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தோலின் எண்ணெய்ப் பசைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் தண்ணீரும் சோப்பும் மேலோடு போய்விடுகின்றன, கை சூடாகும்போதும் வியர்க்கும்போதும் நெடி திரும்ப வருகிறது. வெங்காயமும் இதே குடும்பம். கட்டிப் பெருங்காயத்தைக் கையால் உடைத்தால் ஒட்டும் நெடியும் கந்தகம்தான்.

எண்ணெயில் இருப்பதை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும். கை நனையக் கூடாது, இதுதான் இங்கே முழு சூட்சுமம். காய்ந்த கையில் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஊற்றி, விரல் விரலாக இரண்டு நிமிடம் தேயுங்கள். கூடவே ஒரு சிட்டிகை கல்லுப்பு அல்லது சர்க்கரை சேர்த்தால் நகக்கண்ணில் நன்றாக உராயும். அதன் மேலேயே, இன்னும் தண்ணீர் தொடாமல், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தால் எண்ணெய் வெள்ளையாகக் குழம்பும். அதற்குப் பிறகுதான் வெதுவெதுப்பான தண்ணீர். எண்ணெய் போகும்போது நெடியையும் கூட்டிக்கொண்டு போகும். திரவம் ஒத்துக்கொள்ளாத கைக்குச் சீயக்காய்த் தூள் அல்லது கடலை மாவு போடலாம். எண்ணெய்க் குளியலுக்கு என்ன செய்கிறோமோ அதேதான்.

பலாச்சுளை எடுக்கும் முன்பு கையில் எண்ணெய் பூசிக்கொள்கிறோம் இல்லையா, பூண்டுக்கும் அதைச் செய்யுங்கள். விரல் நுனியில் இரண்டு சொட்டு போதும். தோலுக்குள் இறங்க வேண்டிய கந்தகம் மேலே இருக்கும் எண்ணெயிலேயே நின்றுவிடும். தீபாவளி நேரத்தில் ஒரே காலையில் எட்டு கிலோ பூண்டு உரித்திருக்கிறேன். எண்ணெய் பூசிய நாளுக்கும் பூசாத நாளுக்கும் வித்தியாசம் மலையும் மடுவும். கத்தி வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவர்சில்வரில் கையைத் தேய்த்தால் பூண்டு வாடை போகும் என்று சொல்வார்கள், சோப்பு வடிவத்தில் எஃகுக் கட்டியே விற்கிறார்கள். அதற்கு வலுவான சான்று கிடையாது. தண்ணீருக்கு அடியில் எதையாவது தேய்த்தால் கிடைக்கும் பலன் அதிலும் கிடைக்கும். ஆசைப்பட்டால் வீட்டு டம்ளரின் அடியில் தேய்த்துப் பாருங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

வாடை இல்லை, ஆனால் விரல் எரிகிறது

மிளகாய் நறுக்கிய கை. எரிச்சலைத் தரும் கேப்சைசினும் தண்ணீரில் கரையாது. மேலே சொன்ன எண்ணெய் முறையே இதற்கும். அது முடியும்வரை கண்ணைத் தொடாதீர்கள், காண்டாக்ட் லென்ஸ் போடாதீர்கள், கைக்குழந்தையைத் தூக்காதீர்கள். சில்லிப் பாடி என்ற சின்னக் காரமிளகாயை நறுக்கும்போது கையுறை போடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆட்டுக்கறியின் மொச்சை

இது கொழுப்பு வாடை, எளிதில் போகும். கறிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது, குளிர்ந்த தண்ணீரில் கொழுப்பு விரலில் உறைந்து நிற்கும். பச்சைக் கறி தொட்ட கை என்பதால் வாடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோப்பு கட்டாயம். அப்புறமும் மிச்சம் இருந்தால் ஒரு கைப்பிடி கடலை மாவைக் காய்ந்த கையில் பிசிறி உதிர்த்துவிட்டுக் கழுவுங்கள்.

டுரியான் சாப்பிட்ட கை

முள்நாறி என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். அதன் வாடையில் பழ மணம் தரும் எஸ்டர்களும் கந்தகச் சேர்மங்களும் கலந்திருக்கின்றன. இனிப்பு மணம் சோப்பிலேயே போய்விடும், கந்தகம்தான் நிற்கும். எனவே வீட்டில் பூண்டுக்குச் செய்வதையே செய்யுங்கள். கடையில் பழத்தின் ஓட்டுக் குழிவில் தண்ணீர் ஊற்றி அதில் கை கழுவச் சொல்வார்கள். அந்த உள் ஓட்டின் வெள்ளைச் சதையில் விரலைத் தேய்த்தால் ஒட்டியிருக்கும் பழக்கூழ் நன்றாக வரும், அது வரைக்கும் பலன் உண்டு. எம்ஆர்டிக்குள் பழத்தைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. விரலோடு கொண்டுபோகிற வாடை நம் பொறுப்பு. கடையில் தரும் பிளாஸ்டிக் கையுறையைக் கூச்சப்படாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ப்ளீச் நெடி, கை வழவழவென்று இருக்கிறது

இந்தப் பகுதியை மட்டும் வேகமாகத் தாண்டிவிடாதீர்கள்.

ப்ளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், வலுவான காரம். கை வழுக்குவது கரைசல் இன்னும் கழுவப்படாமல் இருப்பதால் மட்டும் இல்லை, அது தோலின் எண்ணெயைச் சோப்பாக மாற்றிக்கொண்டிருப்பதாலும்தான். தோலின் புரதத்தோடு சேர்ந்து அது குளோரமைன்களை உண்டாக்குகிறது. கழுவிய பிறகும் நீச்சல் குளம்போல வருகிற நெடி அவற்றுடையது.

என்னோடு வேலை செய்த ஓர் அக்கா, கழிவறை கழுவிவிட்டு, மீனுக்குப் போடுகிற பழக்கத்தில் ப்ளீச் கையிலேயே எலுமிச்சையைப் பிழிந்துவிட்டார். அடுத்த நொடி இருமல், கண்ணில் தண்ணீர். ப்ளீச்சோடு புளிப்பு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினிகர், புளி, எலுமிச்சை, கழிவறைக்கான ஆசிட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான்களையும் சேர்க்கக் கூடாது, அதிலும் நச்சு வாயு வரும். அன்றைக்குக் கையளவுதான், கதவைத் திறந்து வெளியே கூட்டி வந்ததும் சரியாகிவிட்டது. மூடிய குளியலறையில் வாளியளவு என்றால் கதை வேறு. மூச்சு விடச் சிரமமாக இருந்தால் உடனே வெளியேறி ஆம்புலன்ஸுக்கு 995 அழையுங்கள்.

சரி, கையை என்ன செய்வது? வெறும் தண்ணீர். ஓடும் குழாயில் வழவழப்பு முழுக்கப் போகும்வரை, ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல். பிறகு மென்மையான சோப்பு ஒரு தடவை, துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய். மிச்ச நெடி அன்று இரவுக்குள் தானே குறைந்துவிடும். தேய்த்து எடுக்கப் பார்த்தால் ஏற்கெனவே புண்பட்ட தோல் இன்னும் புண்படும். அடுத்த முறைக்கு ரப்பர் கையுறை. உள்ளே வியர்த்துக் கையுறையே நாற ஆரம்பித்தால் புறம் திருப்பிக் கழுவி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள்.

டீசல், கிரீஸ், பெயிண்ட்: சாப்பிடும்போதுதான் தெரிகிறது

ஊரிலிருந்து வந்து துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை செய்யும் ஒரு தம்பி என்னிடம் கேட்டது: “அக்கா, வேலையெல்லாம் பழகிடுச்சு. சோத்தப் பிசையும்போது டீசல் வாடை வருது, அதுதான் தாங்கல. கரண்டில சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரியே இல்ல.”

அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோலால் கை கழுவாதீர்கள். கறை போகும், ஆனால் தோலின் இயற்கை எண்ணெயையும் உருவிவிடும். தோல் வெடிக்கும், வெடித்த தோலில் அடுத்த நாள் டீசல் இன்னும் ஆழமாக இறங்கும். முதலில் கையைப் பழைய துணியில் அழுந்தத் துடைத்துவிடுங்கள். காய்ந்த கையில் சமையல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி மூன்று நிமிடம் பிசையுங்கள், கறுப்பு இளகி எண்ணெயில் மிதக்கும். அதையும் துணியில் துடைத்து எடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். சர்க்கரையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: உப்பு வெடிப்பில் எரியும், மணல் கீறும், சர்க்கரை தேய்த்துவிட்டுக் கரைந்து போய்விடும். தேவைப்பட்டால் இன்னொரு முறை. இதெல்லாம் முடியும்வரை அடுப்புப் பக்கம் போகாதீர்கள், சிகரெட் பற்ற வைக்காதீர்கள்.

படுக்கும் முன்பு கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுங்கள். வெடிப்பு இல்லாத தோலில் எந்த வாடையும் அவ்வளவு சீக்கிரம் தங்காது. இரண்டு வாரம் கழித்து அந்தத் தம்பி அனுப்பிய செய்தியில் ஒரு படம் மட்டும் இருந்தது: வாழையிலை, சாம்பார் சாதம், அதில் பாதி பிசைந்தபடி ஒரு கை.

கழுவும்போது இல்லை, துடைத்ததும் வருகிறது

கையில் கோளாறு இல்லை, கைத்துண்டில் இருக்கிறது. இங்கே காற்றின் ஈரம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல். சமையலறையில் மாட்டிய துண்டு நாள் முழுதும் முழுசாகக் காய்வதே இல்லை. அந்த ஈரத்தில் மொராக்செல்லா போன்ற பாக்டீரியாக்கள் பெருகித்தான் காயாத துணி வாடை வருகிறது. சாதாரணச் சலவையில் அவை முழுக்கச் சாவதில்லை, அதனால்தான் துவைத்த துண்டும் நனைந்ததும் நாறுகிறது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்துத் துண்டைப் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். பிழிந்து, நல்ல வெயில் நேரம் பார்த்து மூங்கில் கழியில் வெளியே போடுங்கள். பாத்திரம் துடைக்கும் துணிக்கும் கை துடைக்கும் துணிக்கும் வேறு வேறு கொக்கி. அழுக்கேறிய ஸ்பாஞ்சையும் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

காசு எண்ணிய கை, இரும்புக் கம்பி பிடித்த கை

உலோகத்துக்கு வாடை கிடையாது. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது: வியர்வை பட்டு இரும்பிலிருந்து வரும் அயனிகள் நம் தோல் எண்ணெயைச் சிதைக்கும்போது உண்டாகும் பொருட்களின் வாடைதான் அது. தோசைக்கல் தேய்த்த கையிலும் பேருந்துக் கம்பி பிடித்த கையிலும் நாம் முகர்வது நம் தோலைத்தான். சோப்பு ஒரு தடவை போதும்.

எதையும் தொடவில்லை, ஆனாலும் வருகிறது

மூன்று நாள் மீன், பூண்டு, ப்ளீச் எதுவும் தொடாமல் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரே ஒரு விரலில் வாடை வந்து, அந்த நகத்தோரம் சிவந்தோ வீங்கியோ சீழ் வைத்தோ இருந்தால் அது கிருமித் தொற்று. எண்ணெயும் புளியும் தேய்த்துக்கொண்டு இருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எப்போதும் தண்ணீரில் கை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

கையில் மட்டும் இல்லாமல் வியர்வை, மூச்சு, சிறுநீர் எல்லாவற்றிலும் மீன் வாடை வந்தால் அது டிரைமெத்தில்அமினுரியா என்ற அரிய நிலையாக இருக்கலாம். உணவிலிருந்து உண்டாகும் அதே டிரைமெத்தில்அமைனை உடைக்க வேண்டிய நொதி சிலருக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. அவர்கள் எவ்வளவு குளித்தாலும் போகாது. சுத்தம் இல்லை என்று வீட்டிலேயே பேச்சு வாங்கி, வெளியே சொல்லக் கூசி ஒதுங்கி இருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் சோப்பை மாற்றச் சொல்லாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) கூடவே போங்கள். எப்போது கூடுகிறது, முட்டையோ மீனோ சாப்பிட்ட பிறகா, மாதவிடாய் நேரத்திலா என்று ஒரு தாளில் குறித்துக் கொண்டுபோங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், உணவை மாற்றியே நிறையக் குறைக்கலாம்.